அங்கிப் பெட்டிச் சாவி

தவக்காலத்தின் இரண்டாம் திங்கட்கிழமை எர்சீலியா துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்த் துவைப்புத் தொட்டிக்குப் போனாள். அங்கே துவைத்துக்கொண்டிருந்த ஆறு பெண்களில் ஐந்து பேர் அவளைக் கண்டதும் துணிகளைப் பிழியாமல்கூட வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். காஸ்தெல்வீராவில் வீட்டுக்குத் துவைக்கும் மெஷின் வந்துவிட்ட பெண்களும் திங்கட்கிழமை தொட்டிக்கு வருவார்கள். மெஷின் துணியை வெளுக்கும், ஊர்க் கதை சொல்லாது. அப்படிப்பட்ட தொட்டியைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

ரொட்டி அடுப்புக்கார இசொலீனா மட்டும் போகவில்லை. அவள் எர்சீலியாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். சோப்பைத் தேய்த்தபடி தலை நிமிராமல் கேட்டாள்.

“ஏடி, உனக்கு நிஜமாவே தெரியாதா?”

“என்ன தெரியணும்?”

“போன ஐப்பசியில எடுத்துட்டுப் போனாங்கல்ல ஒரு படம். அது கீழ சாந்தோல்மோ டவுன் தியேட்டர்ல ஓடுது. பத்து நாளா.”

“ஓடட்டுமே. இலக்கியப் படம்தானே.”

இசொலீனா சோப்பைக் கல்லின்மேல் வைத்தாள். “இலக்கியம்தான். அதுல யாரு உடம்புலயும் ஒட்டுத் துணி இல்ல. துணின்னு இருக்கிறதெல்லாம் நீ துவைச்சுக் குடுத்த அங்கிதான். அதையும் கீழ விரிச்சுப் போட்டிருக்காங்களாம்.”

எர்சீலியா மூட்டையை இறக்கவில்லை. கழுத்து நோகிறவரை அப்படியே நின்றாள்.

அங்கி என்றால் கோயிலின் பாடுகளின் சபை அங்கி. வெள்ளைக் கைத்தறி, குதிகால் வரை நீளம், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்ட முக்காடு. சபைக்கு இருபத்துநாலு ஆண்கள். பெரிய வெள்ளியன்று அதை அணிந்து பாடுபட்ட இயேசுவின் சுரூபத்தைத் தூக்குவார்கள், யார் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. செத்தால் அதே அங்கியில்தான் புதைப்பார்கள். ஆகவே ஒவ்வொருவனுக்கும் அது கல்யாணச் சட்டையைவிடப் பெரிசு. அந்த இருபத்துநாலு அங்கியும் கோயிலில் பூசை உடுப்புகள் வைக்கிற சக்ரீஸ்து அறையில் ஒரு வால்நட் மரப்பெட்டியில் பூட்டியிருக்கும். பெட்டிச் சாவி மட்டும் ஆண்கள் கையில் இருக்கக்கூடாது, ஊர்ப் பெண் ஒருத்தியிடம்தான் இருக்கவேண்டும். முப்பத்தோரு வருஷமாக அந்தப் பெண் எர்சீலியா. வருஷா வருஷம் அங்கிகளைச் சாம்பல் நீரில் ஊறவைத்து, தொட்டியில் அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, பெரிய வெள்ளி மாலை கோயில் வாசற்படியில் நின்று ஒவ்வொருவன் இடுப்பிலும் கயிறு கட்டிவிடுவாள். ஊர்வலத்தில் கடைசியாகப் போகிற ஒரே பெண்ணும் அவள்தான். கல்குவாரியில் கல் உடைக்கிற செத்திமியோவின் மனைவிக்கு அந்த ஊரில் வேறு என்ன பெருமை கிடைத்துவிடப் போகிறது? அது ஒன்றுதான்.

சாவி எப்படிப் பெண் கைக்கு வந்தது என்பதுதான் அந்தப் படத்தின் மூலக்கதை. பழங்காலத்துக் கதைப் புத்தகம் ஒன்றில் இரண்டு பக்கம் வருகிறது. ஊர்ப் பெயரோடு வருகிறது என்பதால் காஸ்தெல்வீராவில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் எல்லாருக்கும் மனப்பாடம். சலவைக்காரி கிஸ்லாவைச் சபைத் தலைவன் தொந்தரவு செய்கிறான். பிறகு சபையில் இன்னொருவன், அப்புறம் இன்னொருவன். அவள் ஒவ்வொருவனிடமும் தனித்தனியாக, “அங்கியும் முக்காடும் போட்டுக்கொண்டு தொட்டிக்கு வா, யாருக்கும் அடையாளம் தெரியாது” என்கிறாள். எல்லாரும் வருகிறார்கள், தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு. “அங்கி அழுக்காக இருக்கிறது, கழற்றிக் கொடு” என்று எல்லாரிடமும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறாள். பெரிய வெள்ளியன்று சபை முழுக்க அங்கியில்லாமல் வெறும் சட்டையோடு கோயில் வாசலில் நிற்கிறது. கிஸ்லா சாவியைத் தூக்கிக் காட்டிச் சொல்கிறாள்: “அங்கியில் உள்ள அழுக்கு என் கையால் போகும். உங்களில் உள்ள அழுக்கு போக முகத்தைக் காட்டுங்கள்.” அவர்கள் ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறார்கள். அன்றிலிருந்து சாவி பெண்ணிடம். அவ்வளவுதான் கதை. கதை முழுக்க அவள் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றவில்லை, கழற்றியதெல்லாம் அந்த ஆண்கள்தான்.

இதைப் படமாக எடுக்கப்போகிறோம் என்று ஐப்பசியில் லம்பெர்தோ என்று ஒருவன் ரோமிலிருந்து வந்தான். மூக்குக்கண்ணாடி, மெல்லிய பேச்சு, கையில் அந்தப் பழைய புத்தகம். இலக்கியம் என்று அவன் வாயிலிருந்து வந்ததும் ஊரே தொப்பியைக் கழற்றியது. கதைச்சுருக்கம் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் கதை எங்களுக்குத் தெரியாதா? ஊர் கேட்டது ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை மட்டும் அங்கியை யாரும் போடக்கூடாது. அதைச் சபைத் தலைவர், மருந்துக்கடை ஒரேஸ்தே, தாளில் எழுதி வாங்கினார். பங்குச்சாமி கல்லிஸ்தோ அடியில் கையெழுத்துப் போட்டார். அந்த நிபந்தனையை லம்பெர்தோ அட்சரம் பிசகாமல் காப்பாற்றினான் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். செய்த அசிங்கத்தையெல்லாம் மற்ற ஆறு நாளில் செய்தான். தொட்டியைச் சுற்றிப் பலகை அடைத்து, “சத்தம் கேமராவுக்கு ஆகாது” என்று ஊரைத் தள்ளி நிறுத்திவிட்டான்.

அன்று மத்தியானம் செத்திமியோ கல்தூசியோடு வந்து உட்கார்ந்தான். எர்சீலியா சிக்கரிக்கீரையும் காய்ந்த ரொட்டியும் போட்ட சூப்பை அவன் முன்னால் தட்டென்று வைத்தாள்.

“ஏய்யா, சாந்தோல்மோவில ஓடுற படத்தைப் பத்தி உனக்குத் தெரியுமா?”

செத்திமியோ கரண்டியைத் தேடினான். கரண்டி அவன் கையிலேயே இருந்தது.

“என்ன படம்?”

“தெரியாதா உனக்கு?”

“எனக்கு எங்க நேரம்? கல்லு உடைச்சு நிமிர்ந்தா பொழுது போயிருது. உப்பு கம்மியா இருக்கே.”

“உப்பு சரியாத்தான் இருக்கு. நீ போனியா?”

“நான் எதுக்குப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?” என்றவன் குனிந்து சூப்பைக் குடித்தான். முப்பது வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்தக் குனிவு போதும். ஆனாலும் அன்று அவள் நம்பிக்கொள்ளத்தான் விரும்பினாள்.

மறுநாள் கல்லிஸ்தோ சாமி ஆள் விட்டு அழைத்தார். சக்ரீஸ்து அறையில் மெழுகும் பூஞ்சையுமாக மணத்தது. சாமி அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தான் உட்காராமல் ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடந்தார்.

“சபையில ரொம்பக் கொந்தளிப்பா இருக்கும்மா. அங்கியை எல்லாம் எரிச்சுட்டு நைலான்ல புதுசா வாங்கலாம்னு ஒரேஸ்தே சொல்றாரு. சாவியையும் உன்கிட்டேருந்து வாங்கிரணும்னு.”

“எதுக்கு?”

“பெட்டியைத் திறந்து குடுத்தது நீதானே?”

“குடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே, சாமி? கூட வந்து நின்னு எண்ணிக் குடுத்தது ஒரேஸ்தேதானே? படக்காரங்களுக்கு ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டதும் அவருதான். தோள்ல கை போட்டு போட்டோ எடுத்து மருந்துக்கடையில மாட்டியிருந்தாரே, அது எங்க இப்ப?”

“கழட்டிட்டாரு” என்றார் சாமி, வருத்தத்தோடு. “அதெல்லாம் சரிதான். ஆனா சாவி யார் கையில இருக்கோ அவங்கதானே பொறுப்புன்னு ஒரு பேச்சு வருது. நீ ஒண்ணு செய். ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிடு. எல்லாம் அடங்கிரும்.”

“எந்தப் பாவம்னு சொல்லுங்க சாமி. செஞ்சுட்டு வந்து சொல்றேன்.”

சாமி இருமினார். அடுத்த செவ்வாய் சபை கூடுகிறது, பெண்கள் உள்ளே வரக்கூடாதுதான், ஆனாலும் அவள் வாசலில் நின்று கேட்டுக்கொள்ளலாம் என்றார். அவள் எழுந்து இடுப்பில் தொங்கிய சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டவனுக்கு இருமல், சோறு போட்டவனுக்குத் தலைமை, துவைத்தவளுக்குத் தண்டனை. இப்படி ஒரு நியாயத்தை எந்தத் தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லாமல் வீடு வரைக்கும் கல்பாதையை மிதித்துக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி ஆட்டத்துக்கு எர்சீலியா பஸ் ஏறினாள். தன்னை எதற்காகத் தண்டிக்கிறார்கள் என்று தன் கண்ணால் பார்க்காமல் செவ்வாய்க்கிழமை போய் நிற்கமுடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இசொலீனா அடுப்பை அணைத்துவிட்டுக் கூட வந்தாள். இருவரும் பூசைக்குப் போகிற கறுப்புச் சால்வையில் இருந்தார்கள்.

தியேட்டர் வாசலில் இரண்டாள் உயரத்துக்கு விளம்பரம். ‘சலவைக்காரியின் ஈரச் சரசங்கள்’ என்று பெரிய எழுத்தில், கீழே சின்னதாக ‘புகழ்பெற்ற பழங்கதையைத் தழுவியது’. டிக்கெட் கொடுக்கிற ஆள் இருவரையும் பார்த்து மிரண்டுபோனான்.

“அம்மா, கோயில் அந்தத் தெருவில இருக்கு.”

“தெரியும். ரெண்டு டிக்கெட் குடு.”

“இது பொம்பளைங்க பாக்குற படம் இல்லம்மா.”

“பொம்பளையைக் காட்டுற படம்தானே? அதுல நாங்க பாக்காதது என்ன இருக்கு? கிழி டிக்கெட்டை.”

உள்ளே முப்பது நாற்பது தலை. எல்லாம் ஆண் தலை, ஒன்றுக்கொன்று நாலு நாற்காலி தள்ளி. யாரும் யாரையும் பார்க்கவில்லை என்பதுபோல ஒரு ஏற்பாடு. இரண்டு சால்வைகள் நடுவழியில் இறங்கி வந்ததும் ஓரிரண்டு தலைகள் நாற்காலிக்குள் சரிந்தன.

எர்சீலியா கண்ணை மூடவில்லை. இசொலீனா நாலு முறை மூடினாள், ஐந்தாம் முறை விரலை விரித்துப் பார்த்தாள். தங்கள் ஊர்த் தொட்டி, தங்கள் ஊர்ப் படிக்கட்டு, அதில் முன்பின் தெரியாத ஆண்கள் அங்கியோடு ஓடுவதும் அங்கியில்லாமல் ஓடுவதும். எர்சீலியாவுக்கு வெட்கம் வரவில்லை. அவள் பார்த்தது கஞ்சியை. மூன்று நாள் மெனக்கெட்டுப் போட்ட கஞ்சி ஈரக்கல்லில் நசநசவென்று கசங்குவதைத்தான் பார்த்தாள்.

நடுவில் நின்று சிரிக்கிற பெண்ணை அவளுக்குத் தெரியும். ஓரியெத்தா. வடக்கே ஏதோ மலையூர்ப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். படப்பிடிப்பு நாட்களில் தொட்டித் தண்ணீரில் நின்று உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டு எர்சீலியாவின் அடுக்களைக்கு வருவாள். எர்சீலியா அவளை அடுப்போரம் உட்காரவைத்து, அவரை சூப்பில் பன்றிக்கொழுப்பு போட்டுக் கொடுப்பாள். தண்ணீரில் நிற்கிற காட்சி என்று மட்டும்தான் அந்தப் பெண் சொன்னாள். அதற்குமேல் சொல்லவில்லை. சொல்ல வெட்கப்பட்டிருப்பாள். ஒருநாள், “இந்தக் கதை கடைசியில என்ன ஆகும்மா? எனக்கு எழுதிக் குடுத்த தாள்ல முடிவு இல்ல” என்று கேட்டாள். எர்சீலியா கதையைச் சொன்னாள். சாவியைத் தூக்கிக் காட்டிச் சொல்கிற அந்த வார்த்தையையும் சொன்னாள். அந்தப் பெண் கரண்டியைப் பிடித்துக்கொண்டே இரண்டுமூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “இதை நான் சொல்றேன். அவங்க என்ன பண்ணினாலும் சரி, கேமரா முன்னாடி சொல்லிடறேன்” என்று சிரித்தாள்.

படம் முடிகிற இடம் வந்தது. ஓரியெத்தா தொட்டி விளிம்பில் ஏறி நின்றாள். தோளில் ஒரு அங்கி மட்டும் தொங்கியது. அதன் முழங்கையில் மெழுகுவர்த்தி சுட்ட பொத்தல், அதில் எர்சீலியா இழையோட்டிய சதுரத் தையல். அது ஒரேஸ்தேயின் அங்கி. அந்தப் பெண் சாவியைத் தூக்கினாள். சிரிப்பை நிறுத்தினாள். நேரே பார்த்து வாயைத் திறந்தாள். வாய் மெதுவாக, அழுத்தமாக அசைந்தது.

எர்சீலியா நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்துவிட்டாள். அங்கியில் உள்ள அழுக்கு என்று உதடு சொல்கிறது. என் கையால் போகும் என்று உதடு சொல்கிறது. அவள் சொல்லிவிட்டாள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். ஆனால் தியேட்டரில் கேட்ட குரல் அவளுடையது இல்லை. ரோமில் எங்கோ ஒரு அறையில் வேறு எவளோ குரல் கொடுத்திருந்தாள். கொஞ்சிக் குழைந்து அந்தக் குரல், “இன்னும் யாராவது பாக்கி இருக்கீங்களா?” என்றது. அப்புறம் ஒரு இளிப்பு. நாற்பது தலைகளும் சிரித்தன.

எர்சீலியா எழுந்தாள். இசொலீனா சால்வையைப் பிடித்து இழுத்ததை உதறினாள்.

“பொய்! அவ அப்படிச் சொல்லல. நான் சொல்லிக் குடுத்ததைத்தான் சொன்னா. அவ வாயைப் பாருங்கடா, வாயை! ‘அங்கியில் உள்ள அழுக்கு என் கையால் போகும். உங்களில் உள்ள அழுக்கு போக முகத்தைக் காட்டுங்கள்.’ இதான் அவ சொன்னது. திருட்டுப் பசங்களா, ஒருத்தி சொன்ன வார்த்தையைக்கூட விடமாட்டீங்களா?”

திரையில் ‘முற்றும்’ என்று வந்தது. விளக்குப் போட்டார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு தொப்பி மட்டும் நாற்காலிக்கு மேலே வராமல் கீழேயே பதுங்கியிருந்தது. யாருடையது என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஆலிவ் தோப்புகள் மேல் மழை இறங்கியது. இசொலீனா ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

“அந்தப் பிள்ளை மேல உனக்குக் கோவம் இல்லையா?”

“அவ மேல எதுக்கு? அந்தக் குளிர்ல அவ பட்ட பாட்டுக்குக் கூலியா அவ குரலாவது அவளுக்கு இருந்திருக்கணும். அதையும் அறுத்துட்டானுங்க. ஊருக்கு அங்கி அழுக்கானதுதான் வருத்தம். அங்கியை நான் ஒரு நாள்ல வெளுத்துருவேன். அந்தக் கதையில ஜெயிச்சது அவடி. அவளைத் தோத்தவளாக்கி இளிக்க விட்டிருக்கான். இதை எந்தச் சாம்பல்ல வெளுக்கிறது?”

செவ்வாய்க்கிழமை சபை கூடியது. அவள் சக்ரீஸ்து வாசற்படியில் நின்றாள். உள்ளே இருபத்துநாலு பேரும் பெஞ்சுகளில். செத்திமியோ கடைசிப் பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஒரேஸ்தே எழுந்து கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு பேசினார். புனிதம், பாரம்பரியம், நம் பிதாக்கள் புதைக்கப்பட்ட உடை என்று கால்மணி நேரம் பேசினார். கடைசியில், “என் சொந்த அங்கி, என் முழங்கைத் தையல், அதை அந்தக் கோலத்தில என் கண்ணால பார்த்த வேதனை எனக்குத்தான் தெரியும்” என்று மார்பில் கை வைத்தார்.

“ஒரேஸ்தே, ஒரு வார்த்தை” என்றாள் எர்சீலியா வாசலிலிருந்து. “நீங்க படம் பார்த்தீங்களா?”

“நானா? சீ. மருந்துப் பெட்டி எடுக்க சாந்தோல்மோ போனேன். மழை. ரெண்டு நிமிஷம் உள்ள ஒதுங்கினேன். விளக்கை அணைச்சுப் படம் போட்டதும் என்ன கண்றாவின்னு எந்திரிச்சு வந்துட்டேன்.”

“ஆரம்பத்துலயே வந்துட்டீங்க.”

“ஆரம்பத்துலயே.”

“அந்த ரெண்டு நிமிஷத்துல முழங்கைத் தையலைப் பார்த்துட்டீங்க.”

“பார்த்தேன். வயிறு எரிஞ்சுது.”

“அந்தத் தையல் ஆரம்பத்துல வரல ஒரேஸ்தே. நான் போய்ப் பார்த்தேன். முழுசா உக்காந்து பார்த்தேன். அது ஒரே ஒரு இடத்துலதான் வருது. அவ சாவியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறப்ப. அதுக்கப்புறம் ‘முற்றும்’னு போட்டுருவான்.”

யாரோ தும்முவதுபோலச் சிரித்தார்கள். பிறகு அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. ஒரேஸ்தேயின் முகம் பீட்ரூட் மாதிரி ஆனது.

“சிரிக்காதீங்க” என்றாள் எர்சீலியா. “அந்த இடத்துல தையல் வருதுன்னு நான் சொன்னதும் தலையை ஆட்டினது ஆறேழு பேரு. நான் இங்க இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

சிரிப்பு நின்றது. தூணுக்குப் பின்னாலிருந்து பெஞ்சு கிறீச்சிட்டது. கல்லிஸ்தோ சாமி எழுந்து, இந்த வருஷம் புது அங்கிக்கு நேரமில்லை, பழையதையே மந்திரித்துப் பயன்படுத்தலாம், சாவியைப் பற்றிப் பாஸ்குப் பண்டிகை கழித்து ஓட்டெடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று கையை விரித்தார். அதாவது பெரிய வெள்ளி வரைக்கும் சாவி அவளிடம். அதற்குப் பிறகு அந்த இருபத்துநாலு பேர் கையில் அவள்.

மூன்று வாரமும் அவள் தொட்டியில் தனியாகத் துவைத்தாள். ஆலிவ் விறகுச் சாம்பலைச் சலித்து, கொதிநீர் ஊற்றி வடித்து, அங்கிகளை அதில் இரண்டு நாள் ஊறவிட்டாள். சாதாரணமாக ஒரு நாள்தான். மூன்று தண்ணீரில் அலசினாள். கை வெடித்து ஆலிவ் எண்ணெய் தடவிக்கொண்டாள். வீட்டில் உப்புக்கருவாடும் அவரையும் கொதித்தது, பேச்சு இல்லை. செத்திமியோ ஒரு நாள் அவள் கேட்காமலே சாம்பல் மூட்டையைத் தூக்கிவந்து தொட்டியோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

பெரிய வெள்ளி மாலை காற்று பலமாக இருந்தது. மணி அடிக்கக்கூடாத நாள் என்பதால் மரக்கட்டையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். சதுக்கம் நிறைந்துவிட்டது. சபையார் உள்ளே அங்கியும் முக்காடும் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வாசற்படிக்கு வந்தார்கள். எர்சீலியா இருபத்துநாலு கயிறுகளையும் இடது கையில் மாட்டிக்கொண்டு நின்றாள். முகம் தெரியவில்லை என்பது மற்றவர்களுக்குத்தான். ஒவ்வொரு அங்கியின் தையலும் ஒட்டும் அவள் போட்டது. யார் எவன் என்று அவளுக்கு அத்துப்படி.

முதலில் வந்தது தச்சன். அவள் குனிந்து கயிற்றைச் சுற்றும்போது முக்காட்டுக்குள்ளிருந்து ரகசியமாக, “மன்னிச்சுக்கோ, எர்சீலியா” என்றது குரல். அவள் முடிச்சை இறுக்கினாள். அடுத்தவன் தபால்காரன். “மனசுல வச்சுக்காதீங்க மதினி.” அடுத்தவனும் முணுமுணுத்தான். நாலாமவனும் அதேதான். ஐந்தாவது ஆள் வந்து, “என்னையும் சேர்த்து மன்னிச்சிரு” என்றபோது அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. இருட்டுத் தியேட்டரில் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்து பார்த்தார்கள். இப்போது இரண்டு ஓட்டைக்குப் பின்னால் நின்று, பக்கத்தில் நிற்பவன் காதில் விழாமல் மன்னிப்பாம். இதைவிட மலிவான மன்னிப்பு எங்கே கிடைக்கும்?

அவள் நிமிர்ந்தாள். கட்டியிருந்த நாலு முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“என்னம்மா பண்றே?” என்று சாமி பதறினார். “நேரமாச்சு.”

“கட்டமாட்டேன் சாமி. இவங்க அஞ்சு பேரும் என் காதுல மன்னிப்புக் கேட்டாங்க. எனக்கு அது வேண்டாம். என்னைத் தொட்டியில தனியா விட்டது ஊரே பார்க்க. சாவியைப் பிடுங்கணும்னு பேசினது சபையே கேக்க. மன்னிப்பு மட்டும் முக்காட்டுக்குள்ளயா?” அவள் சதுக்கத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். “அங்கியில் உள்ள அழுக்கு என் கையால் போயிருச்சு. மூணு தண்ணியில அலசியிருக்கேன். உங்களில் உள்ள அழுக்கு போக முகத்தைக் காட்டுங்கள்.”

ஊருக்கு அந்த வார்த்தை தெரியும். பள்ளிக்கூடத்தில் பாதிப்பேர் அதை ஒப்பித்து அடி வாங்காமல் தப்பியவர்கள். சதுக்கத்தில் ஒரு குழந்தை அழுதது, அதை அதட்டும் சத்தமும் கேட்டது. படியில் வெள்ளை உருவங்கள் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன.

பின்னாலிருந்து ஒரு அங்கி வரிசையை விலக்கிக்கொண்டு முன்னே வந்தது. அந்த நடை கல்குவாரி நடை. அவள் எதிரில் நின்று இரண்டு கையாலும் முக்காட்டைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டது. செத்திமியோவின் தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது.

“நான் போனேன்” என்றான் சத்தமாக. அவனுக்கு மெதுவாகப் பேச வராது, கல் சத்தத்தில் கெட்டுப்போன காது. “ரெண்டு தடவை போனேன். உன்கிட்டப் பொய் சொன்னேன். அன்னைக்குச் சபையில எழுந்து பேசாம தூணுக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். அதுக்குத்தான் எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு.”

“ரெண்டு தடவையா?” என்றாள் எர்சீலியா.

“முதல் தடவை புரியல.”

சதுக்கம் சிரித்தது. பெரிய வெள்ளி என்பதையும் மறந்து சிரித்தது. எர்சீலியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“குனியாத. கஞ்சி மடங்குது” என்று சொல்லி அவன் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

அதற்குப் பிறகு தச்சன் முக்காட்டைத் தூக்கினான். தபால்காரன் தூக்கினான். படம் பார்க்காதவர்கள் கூட, தொட்டியில் தங்கள் பெண்டாட்டிகள் எழுந்துபோனதைத் தடுக்காததற்காகத் தூக்கினார்கள். ஒவ்வொருவனும் முகத்தைக் காட்டி, வாயைத் திறந்து சொல்லி, கயிறு கட்டிக்கொண்டு, முக்காட்டை மறுபடி இறக்கிச் சுரூபத்தின் பக்கம் போனான். இருபத்துமூன்று ஆயிற்று. முழங்கையில் சதுரத் தையல் போட்ட அங்கி மட்டும் படியில் நின்றது. அதன் முக்காடு அசையவில்லை. எர்சீலியா கடைசிக் கயிற்றை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சாமி காத்திருந்தார். சதுக்கமும் காத்திருந்தது. கடைசியில் மரக்கட்டையை மறுபடி தட்டினார்கள். அந்த அங்கி விறுவிறுவென்று படியிறங்கி ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டது.

ஊர்வலம் கோட்டை வாசலைத் தாண்டியதும் பள்ளத்தாக்கின் காற்று நேரே முகத்தில் அடித்தது. இருபத்துமூன்று அங்கிகளும் கஞ்சி விறைப்போடு நேராகப் போயின. கயிறு இல்லாத ஒன்று மட்டும் பாய்மரம் மாதிரி பக்கவாட்டில் உப்பிப் பறந்தது. உள்ளே இருந்தவர் ஒரு கையால் அதை வாரிப் பிடித்தார், மெழுகுவர்த்தி அணைந்தது. மெழுகுவர்த்தியைப் பொத்தினார், அங்கி முழங்காலுக்கு மேலே ஏறிப் பளபளத்த கறுப்பு ஷூவும் கோடுபோட்ட கால்சட்டையும் தெரிந்தன. இத்தனை வருஷ ஊர்வலத்தில் முக்காட்டுக்குள் இருப்பது யார் என்று ஊர் முழுக்கத் தெரிந்துகொண்டது அவர் ஒருவரைத்தான்.

“மருந்துக்கடைக்காரருக்குக் குளிருது போல, பாவம்” என்றாள் இசொலீனா, தெருவோரத்தில் நின்று, நன்றாகக் கேட்கும்படி.

எர்சீலியா எல்லாருக்கும் பின்னால் நடந்தாள். இடுப்பில் சாவி ஆடிக்கொண்டிருந்தது. இருபத்துநாலாவது கயிறு அவள் கையிலேயே இருந்தது. ஊர்வலம் கோயிலுக்குத் திரும்பும்வரை அவர் வந்து கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.